கடைசியாகப் பொரிந்த குஞ்சு: 24 கிராமிலிருந்து எட்டு வாரம்

காலை ஆறே முக்கால். இன்னும் சரியாக விடியவில்லை. கோழிகளைத் திறந்துவிடப் பின்பக்கம் போன அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஏம்மா, இங்க ஒன்னு கெடக்கு. உயிர் இருக்கா பாரு."

அடைக்கோழி முந்தின நாள் மாலையே ஏழு குஞ்சுகளோடு அடையை விட்டு இறங்கிவிட்டது. அது விட்டுப்போன முட்டைகளில் ஒன்று ராத்திரியில் பொரிந்திருக்கிறது. குஞ்சு ஈரத்தோடு கூடையிலிருந்து உருண்டு, சாரல் அடித்த சிமெண்டுத் தரையில் கிடந்தது. முதுகில் ஓட்டின் ஒரு துண்டு ஒட்டிக் காய்ந்திருந்தது. காலைச் சுற்றி எறும்புகள் ஏறத் தொடங்கியிருந்தன.

முட்டை பொரிய 21 நாள். முதல் குஞ்சு வந்த பிறகு தாய்க்கோழி ஒன்றிரண்டு நாள்தான் அடையில் இருக்கும். அதற்குள் வந்தவற்றை இரை தேடக் கூட்டிக்கொண்டு போய்விடும். பின்தங்கியது பின்தங்கியதுதான். தாய்க்கோழியைக் குறை சொல்ல முடியாது. அது அடையிலேயே இருந்தால் வெளியே வந்த ஏழும் பட்டினி.

எங்கள் வீடு மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்தைத் தாண்டி ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், இருக்கிறது. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் உள்ள ஊர். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம், இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை. அம்மா முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டைக் காலி செய்து வந்தபோது கோழி வளர்க்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார். பின்பக்கம் ஒரு சேவலும் நான்கு பெட்டைகளும் உண்டு. எல்லாம் கம்போங் கோழி, அதாவது நாட்டுக்கோழி. நான் ஒரு செம்பனை ஆலையில் கணக்கு எழுதுகிறேன். கால்நடை மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் இந்த ஒரு குஞ்சை எட்டு வாரமும் நாள்வாரியாக எடை போட்டு, குறிப்பெழுதிப் பார்த்துக்கொண்டோம். அப்படி எழுதி வைக்கத் தோன்றியதற்குக் காரணம், போன வருடம் என் கையில் செத்த குஞ்சு.

போன வருடம் நடந்தது

அதுவும் இதே மழைக்காலம்தான். அக்டோபர், நவம்பர் வந்தால் எங்கள் பக்கம் பிற்பகலில் இடியும் மழையும் தப்பாது. ஐந்து நாள் குஞ்சு ஒன்று சாக்கடையில் விழுந்து, ராத்திரி முழுக்க நனைந்து கிடந்தது. காலையில் எடுத்தபோது கண் சொருகித் தலை தொங்கியிருந்தது. பார்த்ததும் எனக்குத் தோன்றியது பசிதான். பாவம், ஒன்றும் தின்றிருக்காது என்று சோற்றுக் கஞ்சியைச் சிரிஞ்சில் எடுத்து, அலகைப் பிளந்து ஊட்டினேன். கொஞ்சம் உள்ளே போனதும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. துணியில் சுற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

பதினொரு மணிக்கு அம்மா போன் செய்தார். சாயங்காலம் வந்து கையில் எடுத்துப் பார்த்தேன். கழுத்தடியில் இரைப்பை காலையில் இருந்தபடியே உப்பியிருந்தது. நான் ஊட்டிய கஞ்சி ஒரு சொட்டும் கீழே இறங்கவில்லை.

வளர்ந்த கோழியின் உடல் சூடு 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். குஞ்சுக்கு அந்தச் சூட்டைத் தானாக உண்டாக்கிக் காப்பாற்றிக்கொள்ளும் சக்தி முதல் சில வாரங்களுக்குக் கிடையாது. அதன் மேலிருக்கும் பஞ்சுமயிர் நனைந்தால் அவ்வளவுதான், இருக்கிற சூடும் போய்விடும். அப்படிக் குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது. உள்ளே போன இரை அங்கேயே நின்று புளிக்கும். விழுங்கத் தெம்பில்லாததால் ஊட்டியதில் பாதி மூச்சுக்குழாய்க்குள் போகும். அந்தக் குஞ்சுக்கு வேண்டியிருந்தது சூடு. நான் கொடுத்தது கஞ்சி. அன்றைக்கு நான் ஒன்றுமே ஊட்டாமல் கையில் பொத்தி வைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அதனால் இந்த முறை வரிசையை மனதில் உறுதியாக வைத்துக்கொண்டேன். முதலில் சூடு, பிறகு தண்ணீர், கடைசியில்தான் இரை.

ரவிக்கைக்குள் நாற்பது நிமிடம்

எடுத்தவுடன் மூன்று இடங்களைப் பார்த்தேன். காலை என் கன்னத்தில் வைத்தேன், சில்லென்று இருந்தது. அலகை மெல்லத் திறந்து உள்ளே சுண்டுவிரல் நுனியை வைத்தேன், அங்கேயும் சூடு இல்லை. கால் மட்டும் குளிர்ந்திருந்தால் அவ்வளவு பயம் வேண்டாம். வாய்க்குள்ளும் குளிர்ந்திருந்தால் குளிர் உள்ளுடம்பு வரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது தொப்புள். அது நன்றாக மூடியிருந்தது, வீக்கமோ கெட்ட வாடையோ இல்லை. தொப்புள் வழியாகக் கிருமி போய் உள்ளிருக்கும் மஞ்சள் கரு அழுகினால் வயிறு உப்பி நாறும், அந்தக் குஞ்சு முதல் வாரத்தைத் தாண்டுவது கஷ்டம். இதற்கு அது இல்லை என்று தெரிந்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அம்மா இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. எறும்பைத் தட்டிவிட்டார். முதுகில் ஒட்டியிருந்த ஓட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுத்தார், பிய்க்கவில்லை. பழைய கைக்குட்டையால் ஒற்றி, குஞ்சை ரவிக்கைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பாட்டி, ஹேர் டிரையர் எடுத்துட்டு வரவா?" என்றாள் என் மகள்.

"வேணாம் தாயி. அது ஒரே எடத்துல சுட்டுடும். இங்க இருக்கட்டும்."

அம்மா சொன்னது சரி. குளிர்ந்த குஞ்சை வேகமாகச் சூடாக்கக் கூடாது. மனித உடம்பின் சூடு மிதமானது, எல்லாப் பக்கமும் சமமாகப் படும். போதாததற்கு நெஞ்சுத் துடிப்பு வேறு. கோழியின் அடிவயிற்றுக்கு அதைவிடப் பக்கத்தில் வரக்கூடியது வேறொன்றும் நம் வீட்டில் இல்லை.

நாற்பது நிமிடம் இருக்கும். வீட்டில் யாரும் பேசவில்லை. அம்மாவின் ரவிக்கைக்குள்ளிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம் வந்தது. சின்னதுதான், ஆனால் அறுந்துபோகாத சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அம்மா குனிந்து பார்த்தார். "கத்துது பாரு. கத்துனா நல்லது. கத்தாம கண்ண மூடிக்கிட்டே இருக்கும் பாரு, அதுதான் போயிடும்."

மயிர் முழுக்க உலர்ந்த பிறகு எடை போட்டோம். 24 கிராம். அன்று காலை பிடித்துப் பார்த்த அதன் உடன்பிறப்புகள் 29 முதல் 32 கிராம் வரை இருந்தன. தீபாவளிக்குப் பலகாரம் செய்ய வாங்கிய டிஜிட்டல் தராசு அது. அதற்கென்று தனிக் கிண்ணம் ஒன்றை ஒதுக்கினோம். பிறகு யோசித்து, தராசையே சமையலறையிலிருந்து எடுத்துவிட்டு எனக்கு வேறு வாங்கிக்கொண்டேன். கோழிக்குஞ்சு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் அதன் எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிற வீட்டில், குஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முத்தம் கொடுப்பதும் வேண்டாம். மகளுக்கு இதைச் சொல்வது எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

பெட்டி, பல்பு, நம்ம ஊர் வெயில்

ஆபீசில் ஏ4 தாள் வரும் அட்டைப்பெட்டிதான் வீடு. சூட்டுக்குப் பழைய குண்டு பல்பு வேண்டும். வீட்டில் இருப்பதெல்லாம் எல்.ஈ.டி., அதில் வெளிச்சம் வருமே தவிர குஞ்சுக்குப் போதுமான சூடு வராது. இது தெரியாமல் எல்.ஈ.டி. பல்பைத் தொங்கவிட்டு, 'வெளிச்சம் இருக்கிறதே, பிறகு ஏன் நடுங்குகிறது' என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பட்டணத்தில் ஒரு பழைய மின்சாமான் கடையில் 40 வாட் குண்டு பல்பு ஒன்று கிடைத்தது. என் வீட்டுக்காரர் அதைப் பெட்டியின் ஒரு மூலைக்கு மேல், அட்டையில் படாதபடி, இரண்டு இடத்தில் கம்பி போட்டுக் கட்டினார். ஒரு கட்டு அறுந்தாலும் மற்றது தாங்க வேண்டும். அட்டையும் துணியும் இருக்கிற இடம், விழுந்தால் தீப்பிடிக்கும்.

முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 32 முதல் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் ராத்திரி பகலாக பல்பு எரிய வேண்டும் என்று அதைப் புரிந்துகொண்டால் நம்ம ஊரில் ஆபத்து. இரண்டாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு, பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே, பல்பு இல்லாமலேயே மீன் தொட்டி வெப்பமானி 33 காட்டியது. அம்மா எட்டிப் பார்த்தபோது பல்பும் எரிந்துகொண்டிருந்தது. குஞ்சு பெட்டியின் எதிர் மூலையில் சுவரோடு ஒட்டி, இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உடனே அணைத்தார்.

அன்றிலிருந்து வெயில் நாளில் காலை பதினொன்று முதல் நாலு வரை பல்பு கிடையாது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் மணி எதுவானாலும் போட வேண்டும். ராத்திரியில், முக்கியமாக விடியற்காலை மூன்று முதல் ஆறு வரை, எங்கள் ஊரில் 23, 24 வரை இறங்கும். குஞ்சுகள் சாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் என்று அம்மா சொல்வார், என் அனுபவமும் அதுதான். வெப்பமானியைவிடக் குஞ்சைப் பார்ப்பது மேல். பல்புக்கு அடியில் ஒடுங்கி நின்று விடாமல் கத்தினால் குளிர். விலகி ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். நடுவில் படுத்து, ஒரு காலை நீட்டிக்கொண்டு தூங்கினால் சரியாக இருக்கிறது. பெட்டி முழுக்க ஒரே சூடாக இல்லாமல் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தால், எங்கே நிற்பது என்று அதுவே முடிவு செய்துகொள்ளும்.

தண்ணீர்

உடம்பு சூடாகி, தலையைத் தூக்கி நின்ற பிறகுதான் தண்ணீர். ஆறவைத்த கொதிநீர் ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சீனி, கை சூட்டில். இது முதல் நாளுக்கு மட்டும், அதன் பிறகு வெறும் தண்ணீர். சீனித் தண்ணீரையே தொடர்ந்து வைத்தால் கழிச்சல் வரும்.

இங்கே ஒரு தவறு நடந்தது. அவசரத்தில் சிரிஞ்சை நேராக வாய்க்குள் நீட்டி அழுத்திவிட்டேன். குஞ்சு கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூட, மூச்சில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. என் கை நடுங்கிவிட்டது. தலையைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, அலகை டிஷ்யூவால் துடைத்து, அப்படியே அசையாமல் வைத்திருந்தேன். இரண்டு முறை தும்மியது. சத்தம் நின்றது.

கோழியின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் அடியில் ஒரு சின்னப் பிளவு திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். வாய்க்குள் நேராகப் பீய்ச்சும் தண்ணீர் போய்ச் சேருவது அங்கேதான். சரியான முறை மிகவும் எளிது. அலகின் பக்கவாட்டு ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு வைக்க வேண்டும். அது இடுக்கு வழியாகத் தானே உள்ளே இறங்கும், குஞ்சு அலகை 'சப் சப்' என்று அடித்துத் தலையை மேலே தூக்கி விழுங்கும். விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. ஐந்தாறு சொட்டு போதும். மூன்றாவது தடவையிலிருந்து அலகின் நுனியை மட்டும் புட்டி மூடியில் இருந்த தண்ணீரில் தொட்டு எடுத்தோம், தானே குடிக்கப் பழகிவிட்டது. தண்ணீர் வைக்கப் புட்டி மூடிதான், அதிலும் கோலிக்குண்டு போட்டு வைத்தோம். பலவீனமான குஞ்சு ஒரு சென்டிமீட்டர் தண்ணீரிலும் முகம் குப்புற விழுந்து மூழ்கிவிடும்.

இரை

முதல் நாள் முழுக்க ஒன்றும் ஊட்டவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "பச்ச புள்ளய பட்டினி போடுறியே" என்று வருத்தப்பட்டார். பொரிவதற்கு முன் குஞ்சு முட்டையின் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டு இரண்டு மூன்று நாள் தாங்கும். பண்ணைகளிலிருந்து ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்துத் தூர ஊர்களுக்கு அனுப்ப முடிவதே இதனால்தான். மறுநாள் எடை 22 கிராமுக்கு இறங்கியது. அந்த 2 கிராமைப் பார்த்தபோது என் உறுதியும் ஆட்டம் கண்டது. ஆனால் அது நின்றது, நடந்தது, கத்தியது. காத்திருந்தேன்.

இரண்டாம் நாள் மதியம் அவித்த முட்டையின் மஞ்சள் கருவை விரலால் தூளாக்கித் துணியில் தூவினோம். குஞ்சு அதன் மேல் நடந்துபோனதே தவிரக் கொத்தவில்லை. இரை இது என்று காட்டித்தர அதற்குத் தாய் இல்லை. அம்மா ஆள்காட்டி விரலை மடக்கி, நகத்தால் துணியில் 'டொக், டொக், டொக்' என்று தட்டினார், கூடவே 'க்கு, க்கு, க்கு' என்று நாக்கைத் தட்டிக் குரல் கொடுத்தார். தாய்க்கோழி இரையைப் பார்த்துக் குஞ்சைக் கூப்பிடும் அதே சத்தம். குஞ்சு நின்றது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் நகத்தைப் பார்த்தது. நகத்தையே கொத்தியது. மறுபடி கொத்தியபோது ஒரு மஞ்சள் துணுக்கு அலகில் ஒட்டிக்கொண்டது, விழுங்கிவிட்டது. அதன் பிறகு யாரும் சொல்லித்தரத் தேவை வரவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து குஞ்சுக்கான ஸ்டார்ட்டர் டெடாக், அதாவது கடைத் தீவனம். அதில் 20 சதவீதத்தை ஒட்டிப் புரதம் இருக்கும். தோட்டத்தில் அந்தக் காலத்தில் குஞ்சுக்கு நொய்யும் துருவின தேங்காயும்தான். தாயோடு மேய்ந்து கரையானும் புழுவும் தின்ற குஞ்சுக்கு அது போதும். பெட்டிக்குள் இருக்கும் குஞ்சுக்குப் புழு யார் கொடுப்பது? நொய் இரைப்பையை நிரப்பும், ஆனால் சதையும் இறகும் வளர அதில் சத்து கிடையாது. முதல் சில நாள் டெடாக்கை வெந்நீரில் குழைத்துக் கொடுத்தோம். நம்ம ஊர்ச் சூட்டில் குழைத்த தீவனம் சீக்கிரம் புளித்துவிடும், மூன்று மணி நேரத்துக்கு மேல் வைக்கவில்லை.

தினமும் இரண்டு வேளை கழுத்தடியைத் தொட்டுப் பார்ப்பது மகளின் வேலை. ராத்திரி தூங்கப்போகும்போது இரைப்பை நிறைந்து மெத்தென்று இருக்க வேண்டும், காலையில் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் உப்பியிருந்தால் செரிக்கவில்லை, இரையை நிறுத்திவிட்டுச் சூட்டைப் பார்க்க வேண்டும். போன வருடக் குஞ்சு எனக்குக் கற்றுக்கொடுத்தது இது.

மூன்றாம் நாள், நான்காம் நாள்

எச்சம் அது வெளியேறும் வாசலிலேயே ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொண்டது. குளிர்ந்து மீண்ட குஞ்சுகளுக்கு அடிக்கடி வரும் தொல்லை. கவனிக்காமல் விட்டால் எச்சம் போக முடியாமல் ஒரு நாளில் செத்துவிடும். பஞ்சை வெந்நீரில் நனைத்து வைத்து ஊறவிட்டு, இளகிய பிறகு துடைத்து, நன்றாக உலர்த்தி, தேங்காய் எண்ணெய் ஒரு தொடு தடவினோம். பிய்த்தால் மயிரோடு தோலும் வரும். இன்னொன்று, தொப்புளின் காய்ந்த பொருக்கு அதற்குச் சற்று முன்னால் வயிற்றில் இருக்கும். அதையும் எச்சம் என்று நினைத்து இழுத்துவிடக் கூடாது.

கால் விரிந்தது என் தவறால். பெட்டியில் நாளிதழ் விரித்திருந்தேன், துணியை அதன் மேல் பாதிக்குத்தான் போட்டிருந்தேன். தாள் வழுக்கும். நான்காம் நாள் காலையில் வலது கால் பக்கவாட்டில் நழுவி, நிற்க முயலும்போதெல்லாம் சறுக்கியது. விரல்கள் நேராக இருந்தன. உள்பக்கம் மடங்கிச் சுருண்டிருந்தால் வைட்டமின் பி2 குறைவா என்று யோசித்திருப்பேன். இது வெறும் வழுக்கல்.

காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை மெல்லிய பட்டையாக வெட்டி, இரண்டு காலையும் விலங்கு மாதிரி இணைத்தேன், நடுவில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு. இறுக்கினால் ரத்த ஓட்டம் நிற்கும், கால் வீங்குகிறதா என்று காலையும் மாலையும் பார்க்க வேண்டும். தாளை எடுத்துவிட்டு முரட்டுத் துண்டு விரித்தோம். முதல் ஒரு மணி நேரம் பார்க்கச் சகிக்கவில்லை, விழுந்து விழுந்து எழுந்தது. அன்று மாலையே தத்தித் தத்தி நடந்தது. கட்டிய மூன்றாம் நாள் பிளாஸ்டரைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துக் கழற்றினோம், கால் நேராக நின்றது. பொரிந்து இரண்டு வாரம் கழித்து இதையே செய்திருந்தால் பயன் இருந்திருக்காது. எலும்பு இளசாக இருக்கும்போதுதான் திருத்த முடியும்.

இதற்கிடையில் மருந்து கொடுக்கச் சொல்லாதவர் இல்லை. பட்டணத்தில் ஒரு கடையில் மஞ்சள் தூளைச் சிறு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார்கள். என்ன மருந்து, என்ன அளவு, எப்போது காலாவதி, எதுவும் அதில் இல்லை. நான் கொடுக்கவில்லை. கிருமித் தொற்றின் அடையாளம் ஒன்றும் இல்லாதபோது 24 கிராம் உடம்பில் பெயர் தெரியாத ஆன்டிபயாட்டிக்கை எந்தக் கணக்கில் போடுவது? மனிதர்களுக்கு வேறு மருந்து எதுவும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குப் பயன்படுத்தக் கூடாதென்று மலேசியா 2019 ஜனவரியில் தடை போட்டது சும்மா இல்லை. கண்டபடி கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும், பிறகு நமக்கே மருந்து வேலை செய்யாது.

கரண்டு போன ராத்திரி

ஆறாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு இடி விழுந்து கரண்டு போனது. பல்பு அணைந்த பத்தாவது நிமிடம் குஞ்சு கத்த ஆரம்பித்தது. மினரல் வாட்டர் பாட்டிலில் சூடான தண்ணீரை ஊற்றி, என் வீட்டுக்காரரின் காலுறைக்குள் நுழைத்துப் பெட்டிக்குள் படுக்கவைத்தோம். குஞ்சு அதன் மேல் ஏறி, வயிற்றை அழுத்திப் படுத்துக்கொண்டது. பெட்டியின் மேல் பாதியைத் துண்டால் மூடினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீரை மாற்ற வேண்டியிருந்தது.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் அம்மா லயத்து நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் ராத்திரியானால் தோட்டத்து மோட்டாரை நிறுத்திவிடுவார்கள், லயமே இருட்டு. குஞ்சைப் பழைய மைலோ டின்னில் துணி போட்டு வைத்து, விறகு அடுப்பு அணைந்த பிறகு சாம்பல் சூட்டுக்குப் பக்கத்தில் வைப்பார்களாம். நடுராத்திரியில் யாராவது ஒருவர் எழுந்து டின்னைத் திருப்பி வைக்க வேண்டும். "ஒங்க அப்பாதான் எந்திரிப்பாரு. எனக்கு மூணு மணிக்கெல்லாம் எந்திரிச்சி சமைக்கணும்ல." அப்பா கோழிக்குஞ்சுக்காக எழுந்திருப்பார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கரண்டு நாலு மணிக்கு வந்தது. காலையில் எடை 29 கிராம்.

திரும்பிச் சேர்த்தது

பத்தாம் நாள் ராத்திரி இருட்டில் தாய்க்கோழியின் அடியில் நுழைத்துப் பார்த்தோம். மூன்று நாளுக்குள் செய்திருந்தால் ஏற்றுக்கொண்டிருக்கும், நான் தாமதித்துவிட்டேன். விடிந்ததும் தலையில் கொத்தியது. மண்டையில் ரத்தம் தெரிய, அள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். பிறகு கம்பிக்கூண்டில் வைத்து, பகலில் அதன் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே விட்டோம். கூடவே உடன்பிறப்புகளில் இரண்டைத் துணைக்குப் போட்டோம். அதுவரை ஆள் நகர்ந்தாலே கத்திக்கொண்டிருந்தது, இரண்டு துணை வந்த அன்றைக்கே வாயை மூடிக்கொண்டது. இரையும் கூடத் தின்றது, போட்டிதான் காரணம். துணையை முதல் வாரத்திலேயே கொடுத்திருக்க வேண்டும்.

நான்காவது வாரத்தில் மூன்றுமே மண்ணில் இறங்கிய பிறகு, எங்கள் குஞ்சு ஒரு காலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளிழுத்து, கண் மூடி நின்றது. எச்சத்தில் ரத்தம். கோலகங்சார் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு எச்சத்தைப் புட்டியில் எடுத்துக்கொண்டு போனேன். பார்த்துவிட்டு ரத்தக் கழிச்சல் என்றார்கள், காக்சிடியா என்ற ஒட்டுண்ணி. மூன்று முதல் ஆறு வாரத்துக் குஞ்சுகளைத்தான் அதிகம் பிடிக்கும். ஈரமும் சூடும் உள்ள தரையில் அதன் முட்டை ஒன்றிரண்டு நாளில் தொற்றத் தயாராகிவிடும், மழைக்கால மலேசியா அதற்கு மிகவும் தோது. ஆம்புரோலியம் கொடுத்தார்கள், தண்ணீரில் கலந்து ஐந்து நாள்.

அங்கே ஒருவர் கேட்ட ஒரு கேள்வி முக்கியமானது. "தண்ணியில வைட்டமின் ஏதாச்சும் கலக்குறீங்களா, அக்கா?" கலந்துகொண்டிருந்தேன், பி வைட்டமின். அதை நிறுத்தச் சொன்னார். ஆம்புரோலியம் வேலை செய்வதே வைட்டமின் பி1 மாதிரி நடித்து ஒட்டுண்ணியை ஏமாற்றித்தான். நாம் நிஜமான பி1ஐயும் சேர்த்து ஊற்றினால் மருந்தின் வேகம் குறைந்துவிடும். நல்லது செய்கிறேன் என்று நினைத்து நானே மருந்தைக் கெடுத்திருப்பேன். கூண்டின் அடியில் மரத்தூளைத் தினமும் மாற்றினோம். மூன்றாம் நாள் ரத்தம் நின்றது.

வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்புச் சொட்டு மருந்தை இதனால் தள்ளிப்போட்டோம். நோயில் இருக்கும் குஞ்சுக்குத் தடுப்பு மருந்து போடக் கூடாது. மலாய்க்காரர்கள் 'சம்பார்' என்று சொல்லும் இந்த நோய் ஒரு லயத்துக் கோழிகளை ஒரே வாரத்தில் துடைத்துவிடும் என்று அம்மா சொல்வார். 1980களில் செர்டாங்கில், அப்போது பெர்த்தானியான் என்ற பெயரில் இருந்த பல்கலைக்கழகத்தில், சூட்டைத் தாங்கும் வி4 தடுப்பு மருந்தைத் தீவனத்தில் கலந்து கம்போங் கோழிகளுக்குக் கொடுக்கும் முறையை உருவாக்கினார்கள். கோழியைப் பிடிக்கவும் வேண்டாம், குளிர்பெட்டியும் வேண்டாம். லயங்களை மனதில் வைத்தே செய்த மாதிரி இருக்கிறது. எங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரு குப்பி சொட்டு மருந்து வாங்கி, ஆறாவது வாரம் கண்ணில் ஒரு சொட்டு விட்டோம்.

மகளின் நோட்டில் உள்ள எடை: முதல் நாள் 24, இரண்டாம் நாள் 22, ஏழாம் நாள் 29, பதினான்காம் நாள் 61, நான்காவது வாரம் நோய்க்கு முன் 170, எட்டாவது வார முடிவில் 410 கிராம். அதே நாளில் உடன்பிறப்புகளில் சின்னது 480. எட்டிப் பிடிக்கவில்லை, பிடிக்காமலும் போகலாம். பெட்டை என்று கொண்டையைப் பார்த்து அம்மா சொல்கிறார்.

எட்டாவது வாரத்துச் சனிக்கிழமை அந்தியில் அது கூண்டுப் பக்கம் வரவில்லை. டார்ச் அடித்துத் தேடினோம். ஜம்பு மரத்தின் தாழ்ந்த கிளையில், இரண்டு உடன்பிறப்புகளுக்கு நடுவில், தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மரநாய் வரும் என்று மூன்றையும் இறக்கிக் கூண்டில் அடைத்தோம். மறுநாள் அட்டைப்பெட்டியை மடித்துக் குப்பையில் போட்டேன். பல்பை மட்டும் அம்மா கழற்றி, துணியில் சுற்றி, சாமி மேடைக்குக் கீழே இருக்கிற டிராயரில் வைத்தார். கறுப்புப் பெட்டை அடைக்கு உட்கார்ந்து அன்றோடு பன்னிரண்டு நாள்.